புகை மணக்கும் வனிலா: கொழும்புப் புழுக்கத்துக்கு எந்தப் போத்தல்?

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் மார்கழியில் கொழும்புக்கு வருகிறார். பிள்ளைகளின் உடுப்பு, அம்மாவுக்கு விற்றமின் குளிசை, சொந்தங்களுக்குச் சொக்லேட் எல்லாம் போக, என் பங்குக்கு ஒரேயொரு சென்ட் போத்தலுக்குத்தான் சூட்கேஸில் இடம் இருக்கிறதாம். "எது எண்டு இப்பவே முடிவெடுத்துச் சொல்லுங்கோ மச்சாள். கடைசி நேரத்தில மாத்தினால் என்னால ஏலாது" என்று அவருடைய குரல் செய்தி வந்து இரண்டு கிழமையாகிறது.

போன முறை வந்தபோது அவர் நான்கு மாதிரிக் குப்பிகள் தந்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றிலும் 2 மில்லிலீற்றர். நான்கும் வனிலா. நான்கிலும் புகை உண்டு, அல்லது உண்டு என்று சொல்லி விற்கிறார்கள். வெள்ளவத்தையில் இருந்து கோட்டைக்குப் போகிற பஸ், ஒபிஸ் ஏசி, பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோவில், ஒரு கலியாண மண்டபம், மழைக்கு யன்னலை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று எல்லா இடத்திலும் பூசிப் பார்த்துவிட்டேன். குப்பிகளின் அடியில் இப்போது சொட்டுத்தான் மிச்சம்.

"வனிலாவா? பட்டர் கேக்குக்கு விடுறதையா அக்கா மேலில பூசப் போறீங்கள்?" என்று ஒபிஸில் ஒரு பிள்ளை சிரித்தாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. எங்களுக்கு வனிலா என்றால் குசினித் தட்டில் நிற்கும் அந்தச் சின்ன எசன்ஸ் போத்தல்தான். அதற்கும் புகைக்கும் என்ன உறவு என்று எனக்கும் முதலில் விளங்கவில்லை. தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மரத்தை நிமிர்ந்து நிற்க வைக்கிற லிக்னின் எரியும்போது குவையக்கோல் என்றொரு பொருள் பிறக்கிறது. விறகுப் புகையின் மணத்தில் பெரும் பங்கு அதற்கு. அந்தக் குவையக்கோல் மூலக்கூறில் ஒரு சிறு கிளையை ஒட்டவைத்தால் அது வனிலின், வனிலாவுக்கு அந்த மணத்தைக் கொடுக்கிற பொருள். 1874 இல் ஜேர்மனியில் டீமான், ஹார்மன் என்ற இரண்டு வேதியியலாளர்கள் முதன்முதலில் வனிலினைச் செய்து எடுத்ததும் ஊசியிலை மரத்தில் இருந்த ஒரு பொருளைக் கொண்டுதான். இன்றைக்கு உலகில் செய்யப்படும் செயற்கை வனிலினில் பெரும்பகுதி குவையக்கோலில் இருந்தே வருகிறது. பட்டர் கேக்கில் விடுகிற எசன்ஸ் புகையின் ஒன்றுவிட்ட சகோதரம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். நம்பவில்லை.

அவள் நம்பாவிட்டாலும் சாம்பிராணி சாட்சி. அது ஸ்டைராக்ஸ் என்ற மரத்தின் பிசின்; சுமாத்திராவில் ஒரு வகை, லாவோஸ், தாய்லாந்துப் பக்கம் இன்னொரு வகை. அரபு வணிகர்கள் 'லுபான் ஜாவி' என்று சொன்னது ஐரோப்பியர் வாயில் உருண்டு பென்சொயின் ஆனது. சியாம் வகை என்று சொல்லும் அந்தத் தாய்லாந்துப் பக்கத்துப் பிசினில் வனிலின் இயல்பாகவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் சிரட்டைத் தணலில் சாம்பிராணியைத் தூவி, தூபக்காலை அறை அறையாகக் கொண்டுபோகும்போது எழும்புவது என்ன? பரிசில் 'வழமைக்கு மாறான வனிலா' என்று பெயர் வைத்து விற்பதை நாங்கள் தலை முழுகிய நாளெல்லாம் மயிரில் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம்.

ஆகவே இந்த மணம் எனக்குப் பிடிக்குமா என்பதல்ல கேள்வி. கொழும்பில் எது தாங்கும் என்பதுதான். இந்தச் சென்ட்கள் குளிர்நாட்டு உடம்பை மனதில் வைத்துச் செய்தவை. கம்பளிச் சட்டைக்குள் மெதுவாக அவிழ வேண்டியவை. இங்கே பகலில் 30, 31 பாகை. ஈரப்பதன் பெரும்பாலும் 75 வீதத்துக்கு மேல். சூடான தோலில் மேல்மணங்கள் பறந்துவிட, அடியில் கிடக்கும் இனிப்பு முந்திக்கொண்டு எழும்பி ஊரெல்லாம் பரவும். புகை கூடவே நின்று அந்த இனிப்பின் காதைப் பிடித்து இழுத்து வைக்காவிட்டால், பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி வரும். நான் பார்த்தது இந்த ஒரு விடயத்தைத்தான்.

முதலில் கழித்துவிட வேண்டியதைக் கழித்துவிடுகிறேன். டொம் ஃபோர்டின் டொபாக்கோ வனீய், 2007 இல் வந்தது. கேட்டவுடனே எல்லாரும் சொல்லும் பெயர் இது. நல்ல சென்ட், சந்தேகமில்லை. ஆனால் அதில் இருப்பது புகையல்ல, புகையிலை. பற்றவைக்காத, பதப்படுத்திய இலை. அதோடு உலர்ந்த பழம், கொக்கோ, வாசனைச் சரக்குகள். நத்தாருக்குச் செய்யும் றிச் கேக்கைச் சுருட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடினால் வருகிற மணம். யாழ்ப்பாணத்தில் சுருட்டுக் கொட்டில் பக்கத்தில் வளர்ந்த அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்தது; எனக்குப் பத்து நிமிடத்தில் பசி கெட்டது. கலியாண மண்டபத்தில் இரண்டு தரம் அடித்துவிட்டுப் போய், சாப்பாட்டுப் பந்தியில் பருப்பும் நெய்யும் மணக்காமல் இருந்தேன். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பை த ஃபயர்பிளேஸ் வேறு கதை. மேசோன் மார்ஜியேலா என்ற பரிஸ் ஃபஷன் வீட்டுக்காக மரி சலமான் 2015 இல் செய்தது. போத்தலின் துணி ஒட்டில் 'ஷமோனி, 1971' என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில், வெளியே பனி, உள்ளே கணப்பு, சுட்ட செஸ்நட். கராம்பு, குவையக் மரம், பெரு பல்சம் என்ற பிசின், வனிலா. (குவையக்கோலுக்குப் பெயர் வந்ததே குவையக் மரத்துப் பிசினில் இருந்துதான்.) கடதாசியில் அடித்து மணந்தபோது இதுதான் என் போத்தல் என்று முடிவே எடுத்துவிட்டேன். அடிப்பிடித்த புக்கை! தைப்பொங்கல் அன்று முற்றத்தில் பானையின் அடியில் சர்க்கரையும் பாலும் கொஞ்சம் கருகி, விறகுப் புகை மேலே படிந்து, அகப்பையால் சுரண்டி எடுப்போமே, அது.

தோலில் அது அப்படி நிற்கவில்லை. காலை ஏழரைக்குப் பூசினேன்; காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்ற கால் மணித்தியாலத்தில் புகை பறந்துவிட்டது. மிஞ்சியது பம்பாய் மிட்டாய். அதுவும் விடாப்பிடியான பம்பாய் மிட்டாய். இரவு குளித்த பிறகும் சட்டைக் கொலரில் இருந்தது. மழை ஞாயிற்றுக்கிழமை, மின்விசிறிக்குக் கீழே இருந்து பூசியபோது பரவாயில்லை. நுவரெலியாவில் வீடு உள்ளவர்கள், தோட்டத்துப் பழைய பங்களாவில் கணப்பு மூட்டி இருக்கக் கிடைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 10 மில்லிலீற்றரிலும் வருகிறது என்பதால் மலைநாட்டுப் பயணத்துக்கென்று ஒன்று வைத்திருப்பதில் தவறில்லை. வெள்ளவத்தைக்குச் சரிவராது.

ஷாலிமாரைப் பற்றி எனக்கு முன்முடிவு ஒன்று இருந்தது: கிழவிகளின் சென்ட். 1925 இல் வந்தது, நூறு வயது கடந்துவிட்டது, அதற்கும் எனக்கும் என்ன. ஆனால் வனிலாவில் புகையையும் பதனிட்ட தோலின் மணத்தையும் கலக்கிற இந்த வழியைப் பெரிய சந்தைக்குக் கொண்டுவந்ததே அதுதான். சாதாரண வனிலினைவிடச் சுமார் மூன்று மடங்கு வலுவான எத்தில் வனிலின் என்ற புதுச் சரக்கை கெர்லான் என்ற பிரெஞ்சுச் சென்ட் குடும்பத்தின் ஜாக் கெர்லான் அதில் தாராளமாக விட்டார். குடும்பத்தின் பழைய சென்ட்டான ஜிக்கியில், அது 1889 ஐச் சேர்ந்தது, ஒரு கரண்டியை ஊற்றிப் பார்த்தபோது பிறந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பெர்கமொட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் கூர்மை மேலே, வனிலா கீழே, நடுவில் ஒரு இருட்டு.

பெயர்க் கதையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. ஷாஜகானும் மும்தாஜும் உலாவிய ஷாலிமார் தோட்டத்தின் நினைவு என்று காதல் சொட்டச் சொட்ட எழுதுகிறார்கள். லாகூரில் ஷாஜகான் அந்தத் தோட்டத்தைத் தொடங்கியது 1641 இல். மும்தாஜ் 1631 இலேயே இறந்துவிட்டார். காஷ்மீரில் இருக்கும் மற்ற ஷாலிமார் ஷாஜகானின் தகப்பன் ஜஹாங்கீர் போட்டது. சரி, சென்ட் விற்பவர்களிடம் வரலாறு கேட்கக்கூடாது.

தோலில் அது செய்கிற வேலை வேறு. முதல் பத்து நிமிடம் தேசிக்காய்த் தோலை நகத்தால் கீறிய மாதிரி. அது அடங்க, அம்மம்மாவின் அலுமாரி திறக்கிறது: பழைய பட்டு, பவுடர் டப்பா, தோல் கைப்பை, அதற்குள் எப்போதோ வைத்த சாம்பிராணித் துண்டு. புகை என்று தனியாக எழும்பாது. கோவிலில் இருந்து வந்தவர் அறையைக் கடந்து போன பிறகு காற்றில் நிற்குமே, அவ்வளவுதான். கதிரேசன் கோவிலுக்குப் பூசிப் போனேன். உள்ளே போனதும் சென்ட் காணாமல் போய்விட்டது; கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் நடுவில் அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை. வெளியே வந்து செருப்பைப் போடக் குனிந்தபோது மணிக்கட்டில் திரும்பி வந்திருந்தது. ஆறு மணித்தியாலம் கழித்தும் இருந்தது. புழுக்கத்தில் கொஞ்சம் ஊதித்தான் போகிறது, பவுடர் கூடி மூக்கை நிரப்புகிறது. ஆனால் இனிப்பு எல்லை மீறவில்லை, அந்தத் தோல் மணமும் பெர்கமொட்டும் பிடித்து வைத்திருக்கின்றன. வாங்குவதென்றால் செறிவு கூடிய ஓ டி பர்ஃபம் வகையைத்தான் வாங்க வேண்டும். செறிவு குறைந்த ஓ டி ருவாலெற் வகையில் எலுமிச்சை நன்றாக இருக்கிறது, புகை மெலிந்துவிடுகிறது.

இனி பச்சூலி 24. லு லாபோ என்ற நியூயோர்க் கடை 2006 இல் வெளியிட்டது. செய்தவர் அனிக் மெனார்டோ. இதே மெனார்டோதான் 1998 இல் புல்கரிக்காக பிளக் என்ற சென்ட்டைச் செய்தவர்: வனிலாவுக்கு மேல் றப்பரும், பைன் விறகில் வாட்டிய சீன லாப்சாங் தேயிலையும். கறுப்பு றப்பர் சுற்றிய வட்டப் போத்தல். அது இப்போது தயாரிப்பில் இல்லை. பழைய போத்தல்களை இணையத்தில் யானை விலைக்கு விற்கிறார்கள். யாருடைய வீட்டு வெயிலில் எத்தனை வருடம் நின்றதோ தெரியாத போத்தலுக்கு அந்தக் காசு கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் அவருடைய அடுத்த புகையைத் தேடினேன்.

பெயரை நம்பி ஏமாறக்கூடாது. அந்தக் கடையில் 24 என்பது உள்ளே சேர்த்த சரக்குகளின் எண்ணிக்கை, முன்னால் நிற்கிற பெயர் அவற்றில் ஒன்று. பச்சூலி ஒரு வாசனைச் செடி, அந்தச் சொல்லே தமிழில் இருந்து போனது என்று அகராதிகள் சொல்கின்றன. நமக்கு அதில் ஒரு சின்னப் பெருமை இருக்கட்டும், ஆனால் மூக்குக்கு எட்டுவது பச்சிலை அல்ல. பேர்ச் மரத் தார். மரப்பட்டையைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சுட்டு வடித்தெடுப்பது. ருஷ்யாவில் தோல் பதனிட்ட பண்டம். அதைச் சுத்திகரிக்காமல் சென்ட்டில் சேர்க்க இப்போது சர்வதேச விதி இடம் கொடுப்பதில்லை, வடித்துச் சுத்தமாக்கியதைத்தான் பயன்படுத்தலாம். சுத்தமாக்கியதே இப்படி என்றால்!

முதல் அரை மணித்தியாலம் மாசி. ஆம், மாசிக் கருவாடுதான். சம்பலுக்கு இடிக்க டப்பாவைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அதே கடும் புகை. மாலைதீவில் சூரையை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைக்கிறார்கள். இங்கேயும் அதே புகைச் சரக்குகள்தான் வேலை செய்கின்றன என்பதால் மூக்கு பிழையாகச் சொல்லவில்லை. ஏசி லிஃப்டில் என்னோடு ஏறிய ஒருவர் எங்கேயோ வயர் எரிகிறது என்று காவலாளியைக் கூப்பிட்டுவிட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் நான்காம் மாடியில் இறங்கிப் போய்விட்டேன்.

பிறகு மெதுவாக, தணலுக்கு மேல் சாம்பல் பூக்கிற மாதிரி, வனிலா வருகிறது. சீனி இல்லாத வனிலா. மதியத்துக்கு மேல் தோல், மரம், தூரத்தில் எங்கோ பால் காய்கிறது என்ற அளவில் நின்றுவிடும். மற்ற மூன்றும் வெயிலில் பெருத்தன. இது ஒன்றுதான் வெயிலில் இளகியது. வியர்வையோடு சண்டைக்குப் போகவில்லை. குளிர்நாட்டில் இதைப் பூசுபவர்களுக்கு அந்தத் தார் நாள் முழுக்க நிற்குமாயிருக்கும். எனக்கு ஒன்பது மணிக்குள் அது அடங்கி, எனக்கு வேண்டிய பகுதி வேலை நேரம் முழுவதும் கிடைத்தது. புழுக்கம் எனக்கு உதவி செய்த சந்தர்ப்பம் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தேன். அம்மா கையைப் பிடித்து மணந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஆற்ற வீட்டை போட்டு வாறாய்? ஆருக்குப் பிள்ளை பிறந்திருக்கு?" முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த வீடு. குளிக்க வார்த்த பிள்ளை, சாம்பிராணிப் புகை, பால், பருத்தித் துணி. நான் இரண்டு கிழமையாக எழுதத் தேடிய விவரிப்பை அம்மா ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

இதற்கெல்லாம் கனடாவில் இருந்து போத்தல் வரவேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அதனால் ஒரு சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போனேன். இரண்டாம் குறுக்குத் தெருவில் சிவப்புப் பள்ளி, 1908 இல் கட்டத் தொடங்கிய ஜாமிஉல் அல்ஃபார், அதைச் சுற்றியுள்ள தெருக்களில் அத்தர் விற்பவர்கள் இருக்கிறார்கள். அற்ககோல் இல்லாத எண்ணெய். சொட்டுக் கணக்கில் பூசுவது. வனிலா வேண்டும், ஆனால் புகை மணக்க வேண்டும் என்றேன். கடையில் இருந்த நானா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "தனிய வனிலா வேணாம் மகள், சிறுபிள்ளத்தனமா இரிக்கும்" என்று சொல்லி, மணிக்கட்டில் முதலில் ஊத் (அகில்) எண்ணெய் ஒரு சொட்டு, அதன் மேல் வனிலா அத்தர் அரைச் சொட்டு வைத்துத் தேய்த்துவிட்டார். கடை வாசலில் நின்று மணந்தேன். பெரிய சென்ட் வீடுகள் வெட்கப்பட வேண்டிய மணம். இரண்டு குப்பியும் சேர்த்து, மேலே சொன்ன எந்தப் போத்தலின் விலையிலும் சிறு துண்டு.

வீட்டில் இன்னும் மலிவான வழியும் செய்து பார்த்தேன்: பருத்திச் சேலையைக் கொடியில் போட்டு, கீழே தூபக்காலை வைத்து, பத்து நிமிடம் புகை பிடிக்கவிட்டு, உடுத்த பிறகு காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வனிலா அத்தர். பண்டிகை நாளுக்கு இதற்கு ஈடில்லை. பட்டை இப்படிப் புகைக்கு விடாதீர்கள், தணலுக்கும் துணிக்கும் இடையில் ஒரு முழத்துக்குக் குறையாத தூரம் இருக்கட்டும். குறை என்னவென்றால், சேலையில் பிடித்த புகை பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் வாகனப் புகையோடு சேர்ந்துவிடுகிறது. நானாவின் கலவையில் வனிலா ஒன்றரை மணித்தியாலத்தில் தட்டையாகி, பிறகு ஊத் மட்டும் தனித்து நின்றது. திரும்பத் திரும்பத் தொட்டுப் பூசவேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள், அற்ககோல் தோலுக்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் இதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுப் புறக்கோட்டைக்கு பஸ் ஏறலாம். நானும் குப்பிகளை வைத்திருக்கிறேன், வெள்ளிக்கிழமைகளுக்கு.

வேலைநாளுக்கு ஒரு போத்தல் என்றால் எனக்கு பச்சூலி 24, கலியாணம் காட்சி கூடுதலாக உள்ளவர்களுக்கு ஷாலிமார். என் கணக்கில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மற்றவர்களைப் பற்றியது. ஷாலிமாரைப் பூசிக்கொண்டு யாருக்குப் பக்கத்திலும் இருக்கலாம். பச்சூலி 24 ஐப் பூசினால் முதல் அரை மணித்தியாலம் யாருக்கும் பக்கத்தில் இருக்கக்கூடாது. ஆகவே வெளிக்கிட முன் அல்ல, எழும்பிக் குளித்த உடனேயே பூசிவிட்டு, இடியப்பம் சாப்பிட்டு, பிள்ளைக்குத் தலை இழுத்து முடிக்கும்போது மாசி போய்விடும். ஒரு தரம் அழுத்தினால் போதும், அதுவும் முழங்காலுக்குப் பின்புறமோ வயிற்றிலோ. கழுத்தில் வேண்டாம், சூடு கூடிய இடம். வீட்டில் இழுப்பு உள்ளவர்கள் இருந்தால் இந்த வகை முழுவதையும் மறந்துவிடுவது நல்லது.

இன்னொன்று. வனிலின் உள்ள எந்தச் சென்ட்டும் நாள்பட நிறம் கறுக்கும், கெட்டுப்போனதென்று எறிந்துவிடாதீர்கள். ஆனால் அதே கபிலம் வெள்ளைத் துணியில் கறையாக இறங்கும். வெள்ளைச் சேட்டில் நேரே அடித்து அண்ணா ஒன்றைப் பழுதாக்கியிருக்கிறார். போத்தலைக் குளியலறைத் தட்டில் வைக்காமல், பெட்டியோடு அலுமாரியின் கீழ்த்தட்டில் வைப்பதுதான் நம் ஊர்ச் சூட்டுக்கு நல்லது. இதனால்தான் 100 மில்லிலீற்றர் போத்தல் எனக்கு வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு அழுத்து என்றால் 15 மில்லிலீற்றர் மாதக்கணக்கில் வரும், பழுதாக முன் முடிந்துவிடும்.

நேற்றிரவு மச்சாளுக்கு எழுதிவிட்டேன்: பச்சூலி 24, ஆகச் சின்னப் போத்தல். கிடைக்காவிட்டால் ஷாலிமார், ஓ டி பர்ஃபம். பை த ஃபயர்பிளேஸ் கழிவில் போனாலும் வேண்டாம். இன்று காலை பதில் வந்திருந்தது. கடைக்குப் போய் மணந்து பார்த்திருக்கிறார். "வாங்கிட்டன் மச்சாள். ஆனால் இதைச் சொக்லேட்டோட வைக்கேலாது. உங்கட அண்ணாவின்ர சப்பாத்துக்குள்ள வைச்சுக் கொண்டாறன்."